மறைந்த யாழும் மீட்ட கைகளும்

இசைக்கருவி ஒன்றுக்கு இருவகை வாழ்வு உண்டு. வாசிப்பவனின் விரல் நுனியில் அது ஒலியாக வாழ்கின்றது. செய்பவனின் உளி முனையில் அறிவாக வாழ்கின்றது. ஒலியை மக்கள் கேட்டுப் போற்றுவர். அறிவோ கண்ணிற்படாது, பட்டறையின் மரத்தூளிடையே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. இவ்விரண்டினுள் ஒலி ஒரு தலைமுறை ஓய்ந்தாலும் கருவியை மீண்டும் செய்துகொள்ளலாம். செய்யும் அறிவு ஒரு தலைமுறை அறுந்துவிடின் அக்கருவியே இல்லாதொழியும். தமிழரின் யாழுக்கு நேர்ந்தது அதுவே. அறுந்த அவ்வறிவை நூல்களினின்றும் மீட்டு எல்லோருக்கும் பொதுவாக்க முயன்றவர் கிழக்கிலங்கையில், சம்மாந்துறைக்குச் சில மைல் தொலைவிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் என்பது அப்பிரதேச வரலாற்றிற் சிறப்பாக நோக்கற்பாலது.

கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர் என அடுத்தடுத்து அமைந்த இவ்வூர்களில் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே மொழியைப் பேசி, ஒரே வயல்வெளியில் நெல் விளைத்து வாழ்ந்து வருகின்றனர். சம்மான் என்னும் மரக்கலங்கள் வந்தடைந்த துறையாதலின் சம்மாந்துறை எனப் பெயர் பெற்றதென்பர் அவ்வூர் மக்கள். மரத்தைக் குடைந்தும் வளைத்தும் இணைத்தும் தோணி, வண்டி, கலப்பை செய்த கைகளுக்கு இப்பிரதேசத்தில் என்றும் குறைவிருந்ததில்லை. இசைக்கருவியும் அக்கைகளுக்குப் புறம்பானதன்று. பக்கீர்மார் தட்டிப் பாடும் றபான் வட்டமான மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்துச் செய்யப்படுவது. தோல் தளரும்போது அனலிற் காட்டி இறுக்கிக்கொள்வர். நோன்பு காலத்திற் சஹருக்கு மக்களை எழுப்பிய அதன் ஓசையைப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசற் கொடியேற்ற விழாவும் றபானோசை இன்றி நினைவுக்கு வருவதில்லை. செய்வதற்கு எளிதாகவும், பழுதுற்றால் எவரும் தோல் மாற்றக்கூடியதாகவும், ஊரார் எல்லோருக்கும் உரியதாகவும் இருந்தமையாலேயே றபான் வாழ்ந்தது. யாழுக்கு இப்பேறு கிட்டவில்லை. ஏன் கிட்டவில்லை என்ற வினாவே யாழின் வரலாற்றைப் புரிந்துகொள்வதற்கு வாயிலாகும்.

யாழ் தொடக்கத்தில் அரிய பொருளாக இருந்ததில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆனிரை மேய்க்கும் இடையன் ஒருவன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். குழலிசை சலித்ததும், உட்டுளையுள்ள குமிழங் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து விரலால் மீட்டுகிறான். அவன் கைக்கெட்டிய மரமும் நாருமே அதற்குப் போதுமானவை. வேட்டுவனின் வில்லே யாழுக்கு மூலமாயிற்று என்று அறிஞர் கூறுவதற்கு இத்தகைய செய்திகளே ஆதாரம். செய்பவன் வேறு, வாசிப்பவன் வேறு என்ற பிரிவு அங்கே இல்லை.

பாணரின் கையில் யாழ் வளர்ச்சியுற்றது. கரிகால் வளவனைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையில் அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக உவமை கூறி விளக்குகிறார். ஒலியைப் பெருக்கும் குடமாகிய பத்தர் மானின் குளம்பு பதிந்த சுவட்டைப் போல நடுவுயர்ந்து இருபுறம் தாழ்ந்தது. ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்களைப் போன்றவை. வறுவாய் எட்டாம் நாட் பிறையின் வடிவினது. மேலெழுந்த கோடு படமெடுத்த பாம்பினை ஒத்தது. கோட்டின்மீது நரம்புகளை இறுக்கிக் கட்டிய வார்க்கட்டுக்குத் திவவு என்பது பெயர். இவ்வருணனை புலவரின் கற்பனை நயமாக மாத்திரம் கொள்ளத்தக்கதன்று. ஒரு கருவியை அருகிருந்து பார்த்தவர், அதன் பகுதிகள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை அறிந்தவர் எழுதிய கைவினைக் குறிப்பும் அதுவேயாகும்.

பிற்காலத்தில் எழுந்த சீவகசிந்தாமணி இவ்வறிவின் நுட்பத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குற்றங் கூறி ஒதுக்குகிறான். நீரில் நின்று இளகிய மரம், அழுகிய மரம், நெருப்பில் வெந்த மரம், இடி விழுந்த மரம் ஆகியன யாழ் செய்வதற்கு ஆகா. நரம்பினுள் மயிர் கலந்திருப்பதும் குற்றமே. ஐரோப்பாவில் வயலின் செய்வோர் மேற்பலகைக்கு ஊசியிலை மரத்தையும் அடிப்பலகைக்கு மேப்பிள் மரத்தையும் தேர்ந்து, ஆண்டுக்கணக்கிற் காயவைத்துப் பதம் பார்ப்பர். மரத்தின் பிறப்பும் வளர்ப்பும் ஒலியிற் கேட்கும் என்பதே இருசாராரும் கண்ட உண்மை. ஆனால் யாழைப் பொறுத்தவரை அவ்வுண்மை காவியத்திற் பதிந்த அளவுக்குப் பட்டறையில் நிலைக்கவில்லை.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புத் தொகை கூறுகிறார். தாம் உரையெழுதுங் காலத்திலேயே பழைய இசைத்தமிழ் நூல்கள் பல இறந்துபட்டன என்றும் அவர் குறிப்பிடுகின்றார். பின்னர் யாழ் கோயிற் சிற்பத்திலும் புராணக் கதையிலும் மாத்திரமே எஞ்சியது. இதற்குக் காரணங்கள் பல இருத்தல் கூடும். அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கருவியின் இயல்பு. யாழில் நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்று என்பதே முறை. ஒரு சுரத்தினின்றும் மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதும், சுரத்தை அசைத்துக் கமகம் காட்டுவதும் அதில் எளிதல்ல. கமகம் இசையின் உயிராகக் கருதப்பட்ட காலத்தில் வீணை அதனிடத்தைக் கைப்பற்றியது. மற்றையது, சமூகத்தின் நிலை. யாழறிவு பாணர் குடியினரிடமே தங்கியிருந்தது. அக்குடி தன் பழைய மதிப்பை இழந்தபோது அதன் அறிவை ஏற்றுக் காக்க வேறு கைகள் இருக்கவில்லை. வள்ளல்களின் பெயரையும் பாணரின் பெயரையும் போற்றிய பாடல்கள், இந்த யாழைச் செய்தவர் இன்னார் என்று கூறாமை இங்கு எண்ணத்தக்கது.

வயலினின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி 1737இல் மறைந்தார். அவர் பயன்படுத்திய மெருகின் மருமம் இன்னதென அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். எனினும் அவர் செய்த வயலின்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சின. பின்வந்தோர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, பலகையின் தடிப்பை அளந்து, நகல் செய்து கற்றனர். கருவியே ஆசானாக அமைந்தது. அவ்வயலின் தமிழகத்துக்கு வந்தபோது முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரசவையில் அதனை வாசித்துப் புகழெய்தினார். மெட்டுக்கள் இல்லாத அதன் கழுத்தில் கமகம் தடையின்றி ஓடியமையே அயல்நாட்டுக் கருவி இருநூறு ஆண்டுகளுக்குள் நம்முடையதாகியதற்குக் காரணம். நம்முடையதாகவே பிறந்த யாழோ, அளந்து பார்க்க ஒன்றேனும் எஞ்சாமல் அயலாகிவிட்டது.

எஞ்சாத கருவியை மீண்டும் செய்வது எவ்வாறு? சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய ஆண்டு 1892. அதே ஆண்டிற் காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தவர் மயில்வாகனம். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பிலும் கல்வி கற்ற அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். 1924இற் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக முதன்முதல் அமர்ந்தவரும் அவரே. பௌதிகமும் பண்டிதப் படிப்பும் ஒருவரிடத்திற் சேர்ந்தமை தற்செயலாயினும், யாழின் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்த சேர்க்கை அதுவேயாகும். பாடலைப் படிக்கத் தெரிந்தோர் நரம்பின் அதிர்வைக் கணிக்க அறியார். அதிர்வைக் கணிப்போர் பாடலைப் படியார்.

அவருக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தின் வாயிலாகத் தமிழிசை ஆராய்ச்சிக்குப் பெரும் பாதையொன்றை வகுத்திருந்தார். ஒரு தானத்தை 24 சுருதிகளாகப் பகுத்தல் பண்டிதரின் கொள்கை. விபுலானந்தர் 22 அலகுகளைக் கொண்டார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 எனப் பழைய நூல்கள் கூறும் மாத்திரைகளைக் கூட்டின் 22 வரும். குரலினின்றும் இளிவரை துத்தம், கைக்கிளை, உழை, இளி ஆகியவற்றின் அலகுகள் 13 ஆகும். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் எழும் ஒலியே அந்த இளி. இவ்வாறு பழைய சொல்லுக்கு நேராக ஓர் எண்ணும், எண்ணுக்கு நேராக ஒரு நீளமும் கிடைத்தவுடன், உவமையாகக் கிடந்த யாழ் அளவுள்ள பொருளாயிற்று. பத்தர் எவ்வளவு, கோடு எவ்வளவு வளைய வேண்டும், எந்நரம்பு நீண்டது, எந்நரம்பு குறுகியது என்பன கணித்துக் கூறத்தக்கனவாயின.

ஆண்டுகள் பலவற்றை இவ்வாராய்ச்சி விழுங்கியது. இமயமலைச் சாரலின் மாயாவதி ஆச்சிரமத்திற் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக இருந்த காலத்திலும் அவர் அதனைக் கைவிடவில்லை. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக யாழ் நூல் நிறைவெய்தியது. இவற்றுள் யாழுறுப்பியல் தச்சனின் கண்கொண்டு எழுதப்பட்டதெனலாம். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் உறுப்பும் வடிவும் அங்கு ஆராயப்படுகின்றன.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் 5, 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அரங்கேற்றம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஆராய்ச்சியின் வழி செய்விக்கப்பட்ட முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை ஆகிய கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டி இசைத்தார். அறிஞரோடு ஊர்மக்களும் கூடிய கோயில் முன்றிலில், பல நூற்றாண்டு வழக்கொழிந்திருந்த கருவி ஒலித்தது. திருஞானசம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழேந்தி நடந்த சோழநாட்டிலேயே அது நிகழ்ந்தமை அவையோருக்கு மனநெகிழ்வை அளித்திருக்கும். ஒன்றரை மாதம் கழிவதற்குள், ஜூலை 19இல், விபுலானந்தர் மறைந்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

யாழ் நூலின் பெருமையை இசைவரலாற்றிலும் மொழியாராய்ச்சியிலும் வைத்துப் பேசுவோர் பலர். அதன் மற்றொரு பெருமை போதிய கவனம் பெறவில்லை. ஒரு குடியின் தனியறிவாக இருந்து அக்குடியோடு அழிந்ததொன்றை, எழுத்தறிந்த எவரும் எடுத்துச் செய்து பார்க்கத்தக்க பொதுவறிவாக அவர் மாற்றினார். தமது கணக்கை மறைக்கவில்லை. பிழையிருப்பின் பின்வருவோர் காணும்படி படிமுறையாக வைத்தார். கருவி செய்வோன் தன் கருவியை ஊருக்குக் கொடுப்பது ஒரு கொடை. கருவி செய்யும் முறையைக் கொடுப்பது அதனினும் பெரிய கொடை.

ஆயினும் அக்கொடையை ஏற்ற கைகள் சிலவே. யாழ் நூல் புலவரின் மேசையைச் சென்றடைந்தது. தச்சனின் பட்டறையைச் சென்றடையவில்லை. கடினமான செய்யுட்கள் விரவிய நடையும் நுண்கணிதமும் உடைய அதனை மரவேலை செய்வோர் படித்து வழிகொள்ளுதல் எளிதன்று. படித்தோர் உளி பிடிப்பதில்லை. ஏட்டில் உள்ள அளவு உண்மைதானா என்பதை மரமே சொல்ல வேண்டும். ஒரு யாழ் செய்து, அதன் குறையறிந்து, இரண்டாவது யாழ் செய்து, அதனைப் பத்து மாணவர் வாசித்துப் பழகி, அவர்கள் கூறும் குறையைக் கேட்டு மூன்றாவது செய்யும்போதே மரபொன்று தொடங்குகின்றது. 1947இல் ஒலித்த யாழுக்குப் பின்னர் அத்தகைய தொடர்ச்சி வேரூன்றவில்லை.

வேரூன்றுதல் இயலாத காரியமன்று என்பதற்குப் பர்மா எனப்பட்ட மியன்மார் சான்றாகும். இந்தியாவில் சாஞ்சி, அமராவதிச் சிற்பங்களிற் காணப்படும் வில்வடிவ யாழின் இனத்தைச் சேர்ந்த ‘சௌங்’ அங்கே இன்றும் வாழ்கின்றது. தோணி போன்ற மரக்குடம், அதன்மீது போர்த்த மான்தோல், வளைந்தெழும் கோடு, இக்காலத்தில் வழக்கமாக 16 நரம்பு ஆகியன அதன் அமைப்பு. மரபுவழிச் சௌங்கிற் கோட்டின்மீது செந்நிறக் கயிறுகளைச் சுற்றி நரம்புகளை இறுக்குவர். பொருநராற்றுப்படையிற் படித்த திவவு என்னும் சொல்லின் பொருளை அகராதியிலும் தெளிவாக அக்கயிறு விளக்குகின்றது. மத்திய இந்தியாவிற் கோண்டு மக்களின் பாணராகிய பர்தான்களிடமும் வில்யாழ் வகையொன்று எஞ்சியிருந்தது. செய்பவரும் வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே சமூகத்தில் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த இடங்களிலேயே இக்கருவி பிழைத்தது.

அண்மைக் காலத்தில் நம்பிக்கைக்கு இடந்தரும் முயற்சிகள் தோன்றியுள்ளன. தமிழகத்தில் தருண் சேகர் என்னும் இளங்கைவினைஞர், சங்கப் பாடல்களையும் பிற்கால ஆய்வுகளையும் துணைக்கொண்டு யாழ் செய்து, 2021ஆம் ஆண்டை ஒட்டிப் பலரது கவனத்தை ஈர்த்தார். இக்கால மரமும் இக்கால நரம்பும் கொண்டு செய்யப்பட்ட அது பழைய யாழின் நேர்நகலன்று. ஆயினும் மேசையினின்றும் பட்டறைக்கு யாழ் சென்றுவிட்டது என்பதே அதன் சிறப்பு.

விபுலானந்தரின் பிறந்தகத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கு இவ்விடத்திற் பொறுப்பொன்று உண்டு. கல்லடியில் அவர் பெயர் தாங்கிய இசை நடனக் கல்லூரி 1982இல் தோன்றி, இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கை நிறுவகமாக வளர்ந்துள்ளது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே அமைந்துள்ளது. நரம்பின் அதிர்வை அளக்கும் பௌதிகம் ஓரிடத்தில். பண்ணை அறிந்த செவி இன்னோரிடத்தில். மரத்தின் குணமறிந்த தச்சர் இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில். 1947இல் ஒருவர் தம்முள் ஒன்றுசேர்த்தவை இன்று ஒரு தெருவின் தூரத்திற் பிரிந்து கிடக்கின்றன. யாழைச் சைவரின் கருவியென்றும் றபானை முஸ்லிம்களின் கருவியென்றும் பிரித்து வைத்துப் போற்றுவதும் அப்பிரிவின் ஒரு பகுதியே. இடையன் குமிழங் கொம்பை வளைத்த நாளில் யாழுக்குச் சமயம் இல்லை. மொழி ஒன்றே இருந்தது. தோலை அனலிற் காட்டிப் பதமாக்கும் றபான் கைக்குப் பத்தரின் போர்வையை இறுக்கும் பக்குவம் புதிதாயிராது.

யாழ் நூலை அரங்கேற்றியவர் அதன் ஒலியை ஒரே முறை ஊர்நடுவே கேட்கச் செய்துவிட்டு விடைபெற்றார். அவர் விட்டுச்சென்ற அளவுகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டிற் காத்திருக்கின்றன. சம்மாந்துறைத் தச்சன் ஒருவனின் கையில் காரைதீவுப் புலவரின் கணக்கு வந்துசேரும் நாளில், யாழ் இரண்டாம் முறை பிறக்கும். அது பிறக்கும் ஊரும் எல்லோருக்கும் உரிய ஊராயிருக்கும்.